வானிலை அறிஞர் அன்னா மணி அம்மையார்

தேவாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் பயில்வார் நெஞ்சம் மூவர் பாடல்களை நோக்கிச் செல்லுதல் இயல்பு. யாம் ஈண்டுக் கூறப் புகுவது அப்பெயர் பூண்ட எம் ஊரை. போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அஃது அமைந்துள்ளது. ஆனி, ஆடித் திங்கள்களில் எம் ஊர்த் தெருவில் நின்று மேற்கே நோக்கினால் மலையின் முகடு புலப்படாது. வெண்முகில் பொதி பொதியாக அப்பாலிருந்து ஏறி வந்து முகட்டின்மேல் அமர்ந்திருக்கும். மலைக்கு அப்புறம் மழை இடைவிடாது பெய்துகொண்டிருக்கும். இப்புறத்திலோ காற்றும் புழுதியுமே மிகும். முகடு கடந்து இறங்க முயலும் முகில் நம் கண் முன்பே கரைந்து ஒன்றுமில்லாது போதலைச் சிறு பிராயம் முதல் யாம் கண்டு வருகின்றோம்.

எம் ஊராரிற் பலர் விடியுமுன் ஜீப்பு வண்டிகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, நாள் முழுதும் காய் எடுத்து, அந்திப் பொழுதில் மீள்வர். மழை குறைந்தால் காய் குறையும். காய் குறைந்தால் கூலி குறையும். ஆதலின் மேகம் எமக்குக் கவிஞர் பாடும் அழகுப் பொருள் மட்டும் அன்று. அடுப்பெரிவதும் எரியாததும் அதனைப் பொறுத்தவை.

அம்மலையின் மேற்பால் பீர்மேடு என்றோர் ஊர் உண்டு. கம்பத்திலிருந்து குமுளியும் வண்டிப்பெரியாறும் கடந்து செல்வார் அதனை அடைவர். முகில் ஏறிவரும் அவ்வூரிற் பிறந்த அம்மையார் ஒருவர், அம்முகிலும் ஞாயிற்றின் கதிரும் தம்முள் நடத்தும் கொடுக்கல் வாங்கலை அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வித்து, அக்கணக்கைப் பிழையற எழுதும் பணிக்குத் தம் வாழ்நாளை ஈந்தார். அவரே அன்னா மணி அம்மையார். தமிழ் பயிலும் எமக்குப் பௌதிகம் அயல்வீடு போன்றது. எனினும் அண்டை மலையிற் பிறந்த பெருமாட்டியின் வரலாறு ஆதலின், அவ்வீட்டு முற்றம் வரையேனும் செல்லத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த பீர்மேட்டிற் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் எண்மர். அவருள் இவர் ஏழாமவர். குடும்பம் பழைமையான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். தந்தையார் சிவில் இஞ்சினீயராகப் பணியாற்றியவர், ஏலத்தோட்டங்களும் உடையவர். எப்பொருளையும் தாமே ஆராய்ந்து மெய்யெனத் தெளிந்தாலன்றி ஏற்றுக்கொள்ளலாகாது என்பது அவர் தம் மக்களுக்குப் புகட்டிய பாடம். அப்பாடத்தை மற்றை எவரினும் ஏழாம் மகவே நன்கு கற்றுக்கொண்டது எனலாம்.

செல்வக் குடும்பங்களில் ஆண்மக்களை உயர்ந்த உத்தியோகங்களுக்கும் பெண்மக்களைத் திருமணத்திற்கும் ஆயத்தம் செய்தலே அக்கால வழக்கம். இவ்வீடும் அவ்வழக்கிற்கு விலக்கன்று. சிறுமி அன்னாவோ நூல்களையே நாடினார். எட்டு வயதிற்குள் உள்ளூர்ப் பொது நூல்நிலையத்தில் இருந்த மலையாள நூல்களையெல்லாம் ஏறத்தாழப் படித்து முடித்தார். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கில நூல்களையும் அவ்வாறே முடித்தார். எட்டாம் பிறந்தநாளில் குடும்ப மரபின்படி வைரத்தோடு பரிசாக அளிக்கப்பட்டபொழுது, அதனை ஏலாது, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமே வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். காதில் அணிய மறுத்த வைரத்தைப் பின்னொருநாள் ஆராய்ச்சிச்சாலையில் இவரே கையிலெடுத்து ஆராய நேர்ந்தமை வியப்பிற்குரியது.

1925-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வைக்கம் சத்தியாக்கிரகத்தின் பொருட்டுத் திருவிதாங்கூருக்கு வந்தார். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லா மக்களும் நடக்க உரிமை வேண்டி நிகழ்ந்த அப்போராட்டம் இச்சிறுமியின் உள்ளத்திற் பதிந்தது. அதுமுதல் கதர் உடுத்தலை மேற்கொண்டார். தம் தமக்கையர் இளமையிலேயே மணம் புரிந்துகொண்டபோதும், தாம் மேற்கல்வி பயிலவே உறுதி பூண்டார். வாழ்நாள் முழுதும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

கல்வியும் வைர ஆராய்ச்சியும்

அவர் முதலில் மருத்துவம் பயில எண்ணினார். அஃது இயலாது போகவே, தமக்கு எளிதாக வந்த பௌதிகத்தைத் தெரிந்துகொண்டு சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் உதவிச் சம்பளம் கிடைத்துப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின் ஆராய்ச்சிச்சாலையிற் புகுந்தார்.

இராமன் அவர்கள் வைரங்களைத் தேடித் தொகுத்து வைத்திருந்த காலம் அது. அவற்றுட் சிலவற்றையும் மாணிக்கக் கற்களையும் ஒளியில் இட்டு, அவை உமிழும் நிறங்களைப் பிரித்து ஆராயும் பணி அம்மையாருக்கு வாய்த்தது. மங்கிய அவ்வொளியைப் புகைப்படத் தகட்டிற் பதிக்கப் பதினைந்து மணி முதல் இருபது மணி வரை காத்திருத்தல் வேண்டும். ஆதலின் அவர் பல இரவுகள் ஆராய்ச்சிச்சாலையிலேயே துயின்றார். அங்கே ஆடவரும் பெண்டிரும் கலந்து பேசி ஆராயும் வழக்கம் இல்லை. ஆடவர் ஒருவர் சிறு பிழை செய்தால் அது பிழையாகவே எண்ணப்படும். பெண் ஒருத்தி செய்தால் அது பெண்ணினத்தின் குறையாக எண்ணப்படும். இந்நிலையிலும் 1942 முதல் 1945 வரை ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தம் பெயரால் தனித்தே வெளியிட்டார்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தம் ஆராய்ச்சி நூலைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் பெறாதார்க்கு டாக்டர் பட்டம் அளித்தல் விதிக்கு மாறு என்று காரணம் கூறி, அப்பட்டம் மறுக்கப்பட்டது. நூலில் குறை காணப்பட்டிலது; விதி ஒன்றே குறுக்கே நின்றது. அந்நூல் இன்றும் பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் மற்றை மாணவர்தம் பட்டநூல்களோடு ஒன்றாக இருக்கின்றது. பட்டத்திற்குரிய எழுத்து இரண்டு இன்மையால் தமக்கு எக்குறையும் நேர்ந்ததாக அம்மையார் கருதவில்லை. மதிப்பெண் ஒன்று குறைந்தமைக்கு ஒரு வாரம் முகம் வாடித் திரியும் யாம் இச்செய்தியைப் படித்தபொழுது சிறிது நாணினோம் என்பதை மறைத்தல் கூடாது.

கருவி செய்யும் தொழில்

பௌதிக ஆராய்ச்சியையே தொடர எண்ணி வெளிநாட்டு உதவிச் சம்பளத்திற்கு விண்ணப்பித்த அவருக்கு வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயிலும் வாய்ப்பொன்றே கிட்டியது. அதனையே ஏற்று, 1945-இல் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலில் இங்கிலாந்து சென்றார். அங்கு வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றுமானி ஆகியவற்றின் அமைப்பையும், அவற்றைச் சரிபார்க்கும் முறைகளையும் பயின்றார். வேண்டியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எனினும் கிடைத்ததையே வேண்டியதாக ஆக்கிக்கொண்டார்.

1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் திரும்பிப் பூனாவில் இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகாவின் கருவிப் பகுதியில் வேலை ஏற்றார். அதுவரை நம் நாடு வானிலைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் அயல்நாட்டையே நம்பியிருந்தது. அவற்றை ஈண்டே செய்தல் வேண்டும் என்னும் முயற்சி அப்பொழுது வலுப்பெற்றிருந்தது. விரைவில் அப்பகுதியின் தலைமை அம்மையாரிடம் வந்தது. அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த ஆடவர் 121 பேர். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே உற்பத்தி செய்வித்தார். பிழையான அளவு அளவின்மையினும் கேடு பயக்கும் என்பது அவரது உறுதியான கொள்கை. ஒவ்வொரு கருவியும் மூலக்கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே வெளியே செல்லும்.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் பல ஒன்றுகூடிப் பூமியையும் வானையும் ஆராய்ந்தன. அது சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு எனப்பட்டது. அப்பொழுது இந்தியாவின் பல இடங்களில் ஞாயிற்றின் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அம்மையார் நிறுவினார். அவர் வாழ்வின் தலையாய பணி இதுவே. அதன் அருமையை உணர, மேகம் செய்யும் வேலையைச் சிறிது விரித்துரைத்தல் இன்றியமையாதது.

மேகமும் கதிரும்

ஞாயிறு நடுவானில் நின்று காயும் வெப்ப நாடுகளில் கடலும் நிலமும் மிகுதியாகச் சூடேறுகின்றன. நீர் ஆவியாகின்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகும். அவ்வெப்பம் அழிவதில்லை, ஆவியினுள் மறைந்து நிற்கின்றது. சூடேறிய காற்று ஆவியோடு மேலெழும். உயர உயரக் குளிரும். ஆவி மீண்டும் நீர்த்துளியாகும். அப்பொழுது மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் சூடாக்கி மேலும் எழச் செய்கின்றது. இவ்வாறு எழும் இடிமுகில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் உயரம் சென்று, அதற்குமேல் ஏற இயலாது, கொல்லன் பட்டடைக்கல்லின் தலைபோல் நாற்புறமும் விரிகின்றது. நம் தலைக்குமேல் அத்துணை உயரத்திலுள்ள காற்று துருவப் பகுதிகளின்மேல் அதே உயரத்தில் உள்ள காற்றினும் குளிர்ந்தது என்பதை 1929-இல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன் ஆவார்.

இவ்வாறு விரிந்த முகில் இரு வேலை செய்கின்றது. பகலில் ஞாயிற்றின் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றது. பகலும் இரவும் பூமியிலிருந்து எழும், கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிரைத் தடுத்துப் பூமியைச் சூடாக வைக்கின்றது. ஏலத்தோட்டம் கண்டார்க்கு இது புதிதன்று. ஏலச்செடிக்குமேல் நிழல்மரங்கள் கிளை பரப்பி நிற்கும். அவை பகலில் வெயிலைத் தடுக்கும். பனிக்கால இரவில் நிலத்தின் சூடு வெளியேறாமற் காக்கும். மரம் செய்யும் அவ்விரு தொழிலையே மேகம் நாடளவிற் செய்கின்றது.

அளவு கூறுவோம். 27 பாகை வெப்பமுடைய நிலம் சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 460 வாட் வெப்பக் கதிரை மேல்நோக்கி வீசும். நீர் உறையும் நிலைக்குக் கீழே 73 பாகை குளிர்ந்துள்ள முகிலின் உச்சியோ 90 வாட் அளவே வீசும்; அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு. முகில் இல்லாவிடில் விண்வெளிக்குச் சென்றிருக்கும் வெப்பத்திற் பெரும்பகுதி அதன் அடியில் தங்கிவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இது மட்டும் அன்று. காற்று மண்டலம் தானும் வெப்பக் கதிரை வீசி நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு பாகை அளவு குளிர்ந்துகொண்டே இருக்கின்றது. அவ்விழப்பை ஈடுசெய்வது எழுகின்ற முகில் வெளிவிடும் மறைவெப்பம். ஆகவே கதிர்வீச்சால் காற்று எவ்வளவு குளிர்கின்றதோ அவ்வளவிற்கே மழை பெய்தல் வேண்டும்; பெய்த மழை விட்டுச்சென்ற முகிலும் ஆவியுமோ அக்கதிர்வீச்சையே மாற்றிவிடுகின்றன. விரிந்த முகிலின் மேற்புறம் வெப்பத்தை விண்வெளிக்கு விட்டுக் குளிர்கின்றது. அடிப்புறம் கீழிருந்து வரும் கதிரால் சூடாகின்றது. அடியிற் சூடும் முடியிற் குளிரும் உண்டாகவே, உலைநீர் போல முகிலினுள் காற்று புரளுகின்றது. முகில் கதிரை மாற்ற, கதிர் முகிலை மாற்ற, இரண்டும் ஒன்றையொன்று ஆட்டிவைக்கின்றன.

வெப்பக் கடல்களில் மழைமுகில் மிக்க பகுதிகளைச் சராசரியாக நோக்கினால், முகில் ஒளியைத் தடுத்துக் குளிர்விப்பது சதுர மீட்டருக்கு நூறு வாட் அளவில் இருக்கும். வெப்பத்தைத் தடுத்துச் சூடாக்குவதும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டும் ஒன்றையொன்று கழிக்க எஞ்சுவது சிறிது. ஒரு கடைக்காரனுக்கு நூறு ரூபாய் வரவும் தொண்ணூற்றெட்டு ரூபாய் செலவும் ஆயின் இரண்டு ரூபாய் இலாபம். அவன் தராசில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை இருந்தால், அவனுக்கு இலாபமா நட்டமா என்பதையே யாரும் கூற இயலாது. மேகம் பூமிக்கு இலாபமா நட்டமா என்னும் கேள்வியும் அத்தகையதே. அம்மையார் ஒவ்வொரு கருவியையும் மூலக்கருவியோடு ஒப்பிட்டே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றமைக்குக் காரணம் இதனால் விளங்கும். பிறர் அதனைக் கண்டிப்பு என்றிருக்கலாம். யாம் அதனை வாய்மை என்போம்.

நிலத்தில் வைக்கும் கருவி எளிய அமைப்புடையது. கருமை பூசிய பரப்பு ஒன்று கண்ணாடிக் குமிழின் கீழ் இருக்கும். வெயில் படும்போது அது சூடேறும். அச்சூட்டின் அளவிற்கேற்பச் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதனை அளந்து எழுதுவர். கண்ணாடியில் தூசு படியினும், பரப்புச் சிறிது சாயினும், பூச்சு வெளுப்பினும் கணக்குப் பிழைபடும். அனல் வீசும் பாலை நிலத்திலும், மழை ஓயாத கடற்கரையிலும், ஆண்டுக்கணக்காக ஒரே தன்மையில் அதனை உழைக்கச் செய்தலே அருமை.

வானத்தின் உயரங்களில் அளப்பதற்கு வேறொரு கருவியை அம்மையாரும் துணைவரும் பயன்படுத்தினர். மேல்நோக்கிய கரும்பரப்பு ஒன்றும் கீழ்நோக்கிய கரும்பரப்பு ஒன்றும் உடைய அதனைப் பலூனிற் கட்டி இரவில் விடுவர். மேலிருந்து வரும் வெப்பக் கதிரையும் கீழிருந்து வரும் வெப்பக் கதிரையும் உயரந்தோறும் அளந்து வானொலி வாயிலாக அது கீழே தெரிவிக்கும். அம்முறையால் இந்திய நாட்டின்மேல் அளந்த வெப்பக்கதிர் ஓட்டங்களை 1965-இல் துணைவர் இருவரோடு சேர்ந்து வெளியிட்டார். ஏட்டில் எழுதிய சூத்திரங்களைக் கொண்டு கணித்து வந்ததைக் காற்றிலேயே சென்று அளந்து சரிபார்த்தல் இவ்வாறு நம் நாட்டிற் கைகூடியது.

பின்னர் இக்கேள்விக்கு உலகளவில் விடை கண்டவருள் ஒருவர் மதுரையிற் பிறந்தவர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1984-இல் அமெரிக்க நாட்டினர் பூமியின் கதிர் வரவு செலவை அளக்கும் துணைக்கோளை விண்ணில் ஏற்றினர். அதன் அளவுகளைக் கொண்டு வீரபத்திரன் இராமநாதன் அவர்களும் துணைவரும் 1989-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகு முழுவதையும் நோக்கினால் மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றன. 1985 ஏப்ரலில் அக்குளிர்விப்புச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 13 வாட். வெப்ப நாட்டின் உயர்ந்த மழைமுகில்களிலோ வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்து நிற்கின்றன.

பிற்காலப் பணிகள்

உயர்வானிலுள்ள ஓசோன் வாயுவை அளக்கும் பணியையும் அம்மையார் 1960 முதல் மேற்கொண்டார். அவ்வாயு கெடுகின்றது என்று உலகம் அஞ்சத் தொடங்குமுன்பே அதனை அளக்கும் பலூன் கருவியை அவர் தலைமையில் நம்மவர் செய்தனர். சர்வதேச ஓசோன் கமிஷனிலும் அவர் அங்கம் வகித்தார். 1963-இல் விக்கிரம் சாராபாய் அவர்களின் வேண்டுகோளுக்கிணங்கித் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவின் ராக்கெட்டு நிலையத்தில் வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

1969-இல் துணை டைரக்டர் ஜெனரலாகத் தில்லிக்கு மாற்றப்பெற்றார். 1975-இல் உலக வானிலைக் கழகத்தின் ஆலோசகராக எகிப்து நாடு சென்று கதிர்வீச்சு ஆராய்ச்சிக்கு உதவினார். 1976-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அவர் திறத்திற் பெயரளவே. தம் பழைய ஆசிரியர் பெயரால் விளங்கும் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்றாண்டு பணிபுரிந்தார். பல ஆண்டுகளாகத் திரட்டிய அளவுகளை ஒழுங்குசெய்து 1980-இல் இந்தியாவின் ஞாயிற்றுக் கதிர்வீச்சுப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து அப்பொருள்பற்றியே பெருநூலொன்றும் வெளிவந்தது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பார்க்கும் உணவுப் பொருளை வெயிலில் உலர்த்தும் பொறி செய்வார்க்கும் இவ்விடத்தில் வெயில் எவ்வளவு என்னும் எண் வேண்டும். அவ்வெண்ணை நூலிலிருந்து எடுத்துக்கொள்ளும் நிலையை இந்நாட்டார்க்கு உண்டாக்கியவர் இவர்.

காற்றின் ஆற்றலை அறிய நாடெங்கும் எழுநூற்றிற்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பணியும் அவர் தலைமையில் நடைபெற்றது. காற்றின் வேகத்தையும் வெயிலின் ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றையும் பெங்களூரில் நிறுவினார். எம் தேனி மாவட்டத்தில் கணவாய்க் காற்றை வாங்கிச் சுழலும் காற்றாலைகளைக் காணுந்தோறும், புழுதி கிளப்பும் வேலையொன்றே உடையதென்று எம் முன்னோர் சலித்துக்கொண்ட காற்றிற்கும் ஒரு விலை உண்டென்பதை அளந்து அறிவித்தாருள் முதன்மையானவர் இவ்வம்மையாரே என்பது நினைவிற்கு வருகின்றது.

1987-இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் கே. ஆர். இராமநாதன் பெயரால் அமைந்த பதக்கத்தை அவருக்கு அளித்தது. பெண் என்ற காரணம் பற்றித் தம்மைத் தனியே வைத்துப் போற்றுதலை அவர் விரும்பவில்லை. செய்த வேலையைக் கொண்டே தம்மை அளத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. பிறவற்றையெல்லாம் கருவிகொண்டு அளந்தவர் தமக்கும் அவ்வளவுகோலையே கேட்டார். மலைநடையும் பறவைகளைக் காண்டலும் அவர் பொழுதுபோக்கு. 1994-இல் வாத நோயால் தாக்குண்டு நடமாட்டம் குன்றினார். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், எண்பத்து மூன்று வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார்.

முடிவுரை

2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் மழையின்றியும் வெப்பம் தாங்காதும் பெருஞ்சேதம் உற்றன. பசுமை மாறாத காடு என்று பெயர் பெற்ற இடங்களில் செடிகள் வைக்கோல் போல் உலர்ந்து நின்றன. அங்குச் செடி காய்ந்தால் இங்கு எம் ஊரில் ஜீப்பு வண்டி ஏறுவார் தொகை குறையும். பூமி சூடேறச் சூடேற, வெப்ப நாட்டு முகில்கள் மிகுமோ குறையுமோ, உயருமோ தாழுமோ, அதனால் வெப்பம் இன்னும் ஏறுமோ தணியுமோ என்பனவே உலகின் பேரறிஞர் இன்றும் முடிவு காண முயலும் கேள்விகள். மேகக் கணக்கில் நேரும் சிறு பிழை, வருங்கால வெப்பக் கணக்கிற் பெரும் பிழையாக விளைகின்றது. ஆதலின் அம்மையார் தொடங்கிய பணி முடிந்த பணி அன்று, தொடர்தற்குரிய பணி.

மாணவ நண்பர்களே! அம்மையார்க்கு வேண்டிய கல்வி முதலிற் கிடைத்திலது. உழைத்துப் பெற்ற பட்டம் மறுக்கப்பட்டது. கேட்ட துறை ஒழியக் கேளாத துறை வந்து வாய்த்தது. இம்மூன்றில் ஒன்று நேரினும் நம்மிற் பலர் ஊழைப் பழித்து ஒதுங்கிவிடுவோம். அவரோ கைக்கு வந்த தராசைச் செவ்வையாகப் பிடித்தார். தராசு செவ்வையாக இருக்குமாயின், பிடித்த கை யாருடையது, அதற்குப் பின் எழுதிய பட்டம் யாது என்று எவரும் வினவுவதில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, போடியிலோ தேவாரத்திலோ மேற்கு நோக்கிச் சிறிது நிற்பீராக. மலைமேல் வெண்முகில் அமர்ந்திருக்கும். பகலில் அது திருப்பி அனுப்பும் ஒளி எவ்வளவு, இரவில் அது காத்து வைக்கும் சூடு எவ்வளவு என்று ஒருகால் எண்ணிப் பார்ப்பீராக. அக்கேள்விக்கு வாயால் அன்றி அளவால் விடை கூற முயன்ற பெண்மணி ஒருவர் அம்மலைக்கு அப்புறத்தே பிறந்தார். அவர் புகழ் நிலவுக. அவர் பணியைத் தொடர்வார் நம் கல்லூரியிலும் தோன்றுக.